ஏட்டின் ஓரத்தில் எழுதிய கை

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் தென்பாகத்தில், ஒரு காலத்தில் கரும்பும், பின்னர் ரப்பரும், அதற்கும் பின்னர் செம்பனையும் விளைந்த நிலங்களின் நடுவே அமைந்திருக்கிறது சிம்பாங் அம்பாட் என்னும் சிற்றூர். தோட்டங்கள் குறைந்து தாமான்கள் என்னும் குடியிருப்புகள் பெருகிவிட்ட இவ்வூரில், தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் மின்னூல் வாசிப்பானில் திருக்குறளுக்குப் பரிமேலழகர் இயற்றிய உரையைத் திறந்து வைத்துக்கொண்டு, பொருள் விளங்காத ஒரு சொல்லின்கீழ் மின்பேனாவால் கோடிட்டு, அதன் பக்கத்தில் தம் கைப்படவே ஒரு சந்தேகத்தைக் குறித்துவைப்பாரானால், காண்பவர் அதனை முற்றிலும் நூதனமான செயல் என்றே கருதுவர். கருவி நூதனமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கையில் ஏட்டையும் மறு கையில் கூரிய கோலையும் ஏந்திக்கொண்டு, படித்தலையும் எழுதுதலையும் ஒரே தொழிலாகச் செய்யும் வழக்கம் தமிழர்க்கு மிகவும் புராதனமானது. இடையிலே சில தலைமுறைக் காலம் மங்கியிருந்த அவ்வழக்கமே இப்போது வேறு உருவங்கொண்டு திரும்பியிருக்கிறது.

நூல்களின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் நூலை இயற்றியவரையும் அச்சிட்டவரையும் பற்றியே பேசுவர். படித்தவன் தன் ஏட்டில் என்ன குறித்தான், எதனைக் கொண்டு குறித்தான், அக்குறிப்பு அவனுக்குப் பின் என்னவாயிற்று என்பன பற்றிப் பேசுவோர் சிலரே. எனினும் தமிழ் இலக்கியம் நம் கைக்கு வந்து சேர்ந்த வழியை ஆராய்ந்தால், அதனைக் காத்தவர்களுள் பெரும்பாலோர் கவிஞர்களும் அல்லர், அரசர்களும் அல்லர். கையில் எழுத்தாணியுடன் படித்த சாமானிய வாசகர்களே என்பது புலப்படும். அவர்களுடைய கையின் கதையை, ஓலைக் காலம் தொடங்கிப் பினாங்குத் தோட்டப்புறங்களின் வழியாக இன்றைய மின்பேனா வரையில், ஒருவாறு தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலை என்பது மரத்திலிருந்து வெட்டிய உடனே எழுதுவதற்கு உரியதாகிவிடுவதன்று. பனை, தாளிப்பனை ஆகியவற்றின் இலைகளை முற்றியும் முற்றாமலும் இருக்கும் பதத்திலே கொய்து, ஈர்க்கு நீக்கி, வெந்நீரிலே இட்டு வேகவைத்து, நிழலிலே உலர்த்தி, வழவழப்பான கல்லினாலோ சங்கினாலோ தேய்த்து, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து, இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பின்னரே அது சுவடி என்னும் பெயருக்கு உரியதாகும். இத்தனை பிரயாசையின் பயனாகக் கிடைக்கும் ஒவ்வோர் ஏடும் ஒரு கையகலமேனும் இல்லாத குறுகிய நிலமாதலால், அதில் எதை எழுதலாம், எதை விட்டுவிடலாம் என்ற விவேகம் எழுதுபவனுக்கு முதலாவதாக வேண்டியிருந்தது. காகிதத்தை வாரியிறைத்துப் பழகிய நமக்கு அந்த விவேகத்தின் அருமை எளிதிலே விளங்காது.

எழுத்தாணியிலும் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகை உண்டு. அவற்றுள் மடக்கெழுத்தாணி, ஓலையை நறுக்குவதற்கான கத்தியும் எழுதுவதற்கான கூர்முனையும் ஒரே பிடிக்குள் மடங்கியிருக்குமாறு அமைந்தது; யாத்திரை செல்லும் புலவரும் கணக்கரும் இடுப்பிலே செருகிக்கொண்டு போவதற்கு ஏற்றது. எழுதுபவன் ஏட்டை இடக்கையிலே தாங்கி, இடக்கைப் பெருவிரலின் நகத்தை எழுத்தாணிக்கு அணையாகக் கொடுத்து, வலக்கையால் கீறிச் செல்வான். நெடுங்காலம் எழுதிப் பழகியவர்கள் எழுத்தாணி வழுவாமல் நிற்கும்பொருட்டு அந்நகத்திலே சிறு பள்ளம் செய்துகொள்வதும் உண்டு. மேசையும் நாற்காலியும் இல்லாமல், நின்றபடியும் நடந்தபடியும் எழுதும் ஆற்றல் இவ்வப்பியாசத்தினால் கைகூடிற்று. எழுதி முடித்தபின் ஏட்டின்மேல் விளக்குக்கரியோ மாவிலைக்கரியோ, ஊமத்தை, கோவை முதலியவற்றின் இலைச்சாறும் மஞ்சளும் கூட்டித் தடவித் துடைத்தால், மேற்பரப்பு தூய்மையாகிவிட, கீறலுக்குள் மட்டும் கருமை தங்கி எழுத்துத் தெளிவாகத் தோன்றும். திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைக்கு முதல் ஏட்டை இவ்வாறு மை பூசிக் கொடுப்பதை மங்கலச் சடங்காகவே நம் முன்னோர் கொண்டாடினர்.

மணலில் எழுதும் அம்முறையின் புகழ் கடல் கடந்ததும் உண்டு. சென்னை எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளராகிய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலிலே எழுதிப் பயில்வதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் விடுதியிலே புகுத்தி, 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அதன் பின் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் மணற்பலகையிலேயே எழுத்தறிந்தனர்.

எழுதும் கருவி எழுத்தின் உருவத்தையே மாற்றிவிடும் என்பதற்கும் ஓலையே தக்க சான்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவேண்டும் என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. ஆயினும் கூரிய எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சத்தினால், சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டே எழுதினர். குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களையும் நெட்டெழுத்தாகிய ஏகார ஓகாரங்களையும் வேறுபடுத்திக் காட்டியதும் புள்ளியேயாதலால், அந்த வேறுபாடும் ஏட்டிலே மறைந்தது; பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தினால் அக்குறை நீங்கிற்று. ஒரு சொல்லை மெய்யாகப் படிப்பதா உயிர்மெய்யாகப் படிப்பதா, குறிலாகக் கொள்வதா நெடிலாகக் கொள்வதா என்பதைப் படிப்பவனே இடமும் பொருளும் நோக்கித் தீர்மானிக்க வேண்டியிருந்தமையால், அக்காலத்தில் ஏடு படித்தல் என்பதே ஒரு வகையில் உரை செய்தலாகவும் இருந்தது.

இனி, குறிப்பு எழுதுவதற்கு அந்த ஏட்டிலே இடம் ஏது என்ற வினா எழும். ஓலையின் இரு பக்கத்திலும் நூலே நெருக்கமாக ஓடும். இடப்பக்கத்துச் சிறிய ஓரத்தில் ஏட்டின் எண் இருக்கும். சில சுவடிகளில் பகுதியின் பெயரும் அங்கேயே காணப்படும். விடுபட்ட எழுத்தைச் சேர்க்கவேண்டுமானால் காகபாதம் போன்ற ஒரு குறியிட்டு வரிகளுக்கு இடையில் நுணுக்கி எழுதுவர். அதற்குமேல் ஏதேனும் சொல்ல விரும்பியவன் தனி ஏட்டிலே எழுதிச் சேர்க்கவேண்டும். இவ்வாறு சேர்ந்த குறிப்புகளே காலப்போக்கில் குறிப்புரைகளாகவும் அரும்பதவுரைகளாகவும் வளர்ந்தன எனக் கொள்வதில் தவறில்லை. சிலப்பதிகாரத்திற்கு அமைந்த அரும்பதவுரை இதற்கு உன்னதமான உதாரணம். அடியார்க்கு நல்லாரின் விரிவான உரைக்கும் முற்பட்ட அவ்வுரையை இயற்றியவர் பெயர் இன்றுவரை தெரியவில்லை. கடினமான சொல் வந்த இடந்தோறும் நின்று, அதற்குச் சுருக்கமாகப் பொருள் குறித்துவிட்டு அப்பாற் செல்லும் அவருடைய முறையைக் காணும்போது, அவர் தம் புலமையை உலகுக்குக் காட்ட எழுதியவராகத் தோன்றவில்லை. தாம் படித்ததைத் தமக்கும் தம்மிடம் பாடம் கேட்போர்க்கும் பயன்படும்படி குறித்துவைத்த ஒரு நல்ல வாசகராகவே தோன்றுகிறார். அவர் எழுதிய ஏடு என்றோ மண்ணாகியிருக்கும். எனினும் அக்குறிப்புகளைப் பயனுடையவை என்று எண்ணிய வேறு கைகள் அடுத்தடுத்துப் பிரதி செய்தமையால், கண்ணகியின் கதையைக் கற்கும் ஒவ்வொருவருக்கும் அவர் இன்றும் ஆசிரியராக இருக்கிறார்.

குறிப்பினால் கேடு விளைந்ததும் உண்டு. ஒருவர் வரியிடையே எழுதியதை அடுத்துப் பிரதி செய்தவர் மூலத்தின் பகுதியென்றே மயங்கிச் சேர்த்தெழுத, அது இடைச்செருகலாய் நிலைத்துவிடும். மூலமும் உரையும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக எழுதப்பட்ட சுவடிகளிலே, எது நூலாசிரியர் வாக்கு, எது உரையாசிரியர் வாக்கு என்று பிரித்தறிவது பண்டிதர்க்கும் பெரிய சோதனையாக இருந்தது. அச்சோதனையைத் தம் வாழ்நாள் முழுவதும் ஏற்றுக்கொண்டவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்திலே சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்து, அவரது தூண்டுதலால் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கிய ஐயரவர்கள், ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடிச் சேர்த்து ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்து, நச்சினார்க்கினியர் அந்நூலுக்கு எழுதிய தம் உரையிலே மேற்கோளாக எடுத்தாண்ட வரிகள் எந்தெந்த நூல்களைச் சேர்ந்தவை என்பதையும் தனியே குறித்துக்கொண்டே சென்றார். அக்குறிப்புகளின் வழியே, அக்காலத்துப் பண்டிதர் பலரும் பெயரளவில்கூட அறியாதிருந்த சங்க நூல்களின் உலகம் அவருக்குப் புலனாயிற்று. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின. தமிழரின் பண்டைச் சரித்திரத்தையே புதிதாக எழுதச் செய்த இப்பதிப்புகளுக்கெல்லாம் அஸ்திவாரமாக இருந்தது, படிக்கும்போதே குறித்துக்கொள்ளும் ஒரு மனிதரின் இடையறாத வழக்கம் என்பதை நாம் மறக்கலாகாது.

தமிழ் நூல் முதன்முதலில் 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டதாயினும், அச்சுத் தொழில் நாட்டிலே பரவி ஓலையை வென்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் தொடங்கிய பதிப்பு முயற்சிகளால் நூல்கள் பெருகின. அச்சு நூல் வாசகனுக்கு அளித்த செல்வங்களுள் ஒன்றை எவரும் பெரிதாகப் பாராட்டுவதில்லை. அதுதான் பக்கத்தைச் சுற்றிலும் வெறுமையாக விடப்பட்ட ஓரம். ஓலை மறுத்த இடத்தைக் காகிதம் தாராளமாகக் கொடுத்தது. மூலத்தைச் சிதைக்காமல் அதன் அருகிலேயே மறுப்பும் வியப்பும் ஒப்புமையும் எழுதலாயிற்று; எழுதியது இன்னார் கை என்று பார்த்த மாத்திரத்திலே தெரியவும் செய்தது.

இந்த மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் தமிழர் பினாங்கிலே வேரூன்றினர். 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் அத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாக்கியதும் சூலியா என்னும் தமிழ் முஸ்லிம் வணிகரும் படகோட்டிகளும் தொழிலாளரும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறினர். 1800-இல் எதிர்க்கரையாகிய இன்றைய செபராங் பிறையும் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் பெற்றது. 1816-ஆம் ஆண்டில் ஹட்சிங்ஸ் பாதிரியார் நிறுவிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் தொடங்கப்பட்டது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுவது வழக்கம். பினாங்குத் தெருவின் கிட்டங்கிகள் என்னும் வட்டிக்கடைகளில் நகரத்தார் பேரேடும் ஐந்தொகையும் எழுதினர். 1883-ஆம் ஆண்டில் நாகூர் குலாம் காதிறு நாவலர் இங்கிருந்து 'வித்தியா விசாரிணி' என்ற இதழை நடத்தினார். அவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பது இங்கே சிந்திக்கத் தக்கது. ஆசிரியர் வாயால் பாடப் பாட மாணாக்கர் எழுத்தாணியால் ஏட்டிலே எழுதிக்கொள்ளும் சபையாக விளங்கியது பிள்ளையவர்களின் வகுப்பு. அவ்வகுப்பிலே பயின்ற சாமிநாதையர் கும்பகோணத்திற்குச் சென்று பழைய ஏடுகளை அச்சேற்றினார். மற்றொருவர் கடல் கடந்து பினாங்கிலே பத்திரிகை நடத்தினார். ஓலைக் கல்வியின் இரு கிளைகள் இவ்வாறு அச்சுலகத்தினுள் ஒரே தலைமுறையில் புகுந்தன.

நகரத்தின் கதை இது. சிம்பாங் அம்பாட்டின் சுற்றுப்புறத்துக் கதை வேறு. அருகிலுள்ள பத்து காவான் முதலிய இடங்களில் சீனர் தொடங்கியிருந்த கரும்புப் பயிரை 1840-களிலிருந்து ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களாக விரித்தபோது, அவற்றில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுள் பலர் தமிழர்கள். நாகப்பட்டினத்திலே கப்பலேறிப் பினாங்கிலே இறங்கிய அவர்களுள் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. தோட்டத்திலே எழுத்து என்பது கிராணி என்னும் கணக்கெழுத்தரின் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் இருந்தது. பெரட்டு என்னும் காலை அணிவகுப்பில் பெயர் கூப்பிடும்போது அவன் இடும் ஒரு கோடு அன்றைய கூலியைத் தீர்மானித்தது. ஊருக்குக் கடிதம் போடவேண்டுமானால் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப்போய்த் தம் துக்கத்தையும் ஏக்கத்தையும் பிறர் கையால் எழுதுவிக்க வேண்டியிருந்தது. தன் மனத்தில் உள்ளதைத் தன் கையாலேயே குறித்துக்கொள்ளும் பாக்கியம் எத்தனை பெரிது என்பதை அறிய விரும்புவோர், லயங்கள் என்னும் அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளிலே வாழ்ந்த நம் பாட்டன்மாரை நினைத்தால் போதும்.

1910-ஆம் ஆண்டில் ஒப்பந்த முறை ஒழிந்து, கரும்பு மறைந்து ரப்பர் வந்தது. 1920-களில் மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்குமாறு தோட்ட முதலாளிகளைப் பணித்த பின்னர், தகரக் கூரையின்கீழே தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல எழுந்தன. அங்கே பிள்ளைகளின் கையில் வந்தது சிலேட்டும் பலப்பமும். சிலேட்டிலே எழுதுவதும் ஒரு வகையில் மணலில் எழுதுவதற்குச் சமானமே. ஒரு பாடத்தை அழித்தால்தான் மறு பாடத்திற்கு இடம் கிடைக்கும். ஆகையால் அப்பிள்ளைகள் எழுதியவற்றுள் எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும் எழுதிப் பழகிய கை மிஞ்சிற்று. அவர்களுடைய சந்ததியினருள் பலர் பிற்காலத்தில் ஆசிரியர்களாகவும் பத்திரிகை எழுத்தாளர்களாகவும் வளர்ந்து, மலேசியத் தமிழ் இலக்கியத்தை வளம்பெறச் செய்தனர்.

மலாயாத் தமிழருக்கு எழுதும் யந்திரங்களிலும் தனிச் சிரத்தை இருந்துவந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலே பிறந்து இப்பகுதிக்கு உத்தியோகத்தின்பொருட்டு வந்த ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சு யந்திரத்தை அமைத்த முன்னோடி. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கியது அவருடைய மதிநுட்பம். அதற்குச் சுமார் அரை நூற்றாண்டின் பின்னர், 1985-ஆம் ஆண்டளவில், மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் கணினிக்கு முரசு என்னும் செயலியை ஆக்கினார். பின்னர் கைப்பேசிக்கு அவர் செய்த செல்லினமும் உலகெங்கும் பரவிற்று. இச்சாதனைகளை நன்றியுடன் போற்றும் அதே வேளையில், விசைப்பலகையினால் ஒன்றை இழந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுத்தை வரையும் கை, எழுத்தைத் தேர்ந்து அழுத்தும் விரலாயிற்று. படிப்பது ஒரு சாளரத்திலும் எழுதுவது மற்றொரு சாளரத்திலுமாகப் பிரிந்தன. நூலின் ஓரத்திலே எழுதும் வழக்கம் கணினித் திரையில் அநேகமாக அற்றுப்போயிற்று.

அவ்வழக்கத்தை மீட்டுத் தந்தது மின்தாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் செய்த ஆராய்ச்சியின் பயனாக 1997-ஆம் ஆண்டில் இ இங்க் என்ற நிறுவனம் தோன்றியது. சோனி 2004-இல் ஜப்பானில் வெளியிட்ட லிப்ரியே முதலாக மின்தாளில் படிக்கும் கருவிகள் வந்தன. 2007-இல் அமேசானின் கிண்டில் வந்து அவற்றைப் பிரபலமாக்கியது. கையால் எழுதும் வசதி 2006-ஆம் ஆண்டிலேயே, நெதர்லாந்தின் ஐரெக்ஸ் நிறுவனம் செய்த இலியாட் என்ற கருவியில் அமைந்துவிட்டது. எட்டு அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட திரையும், ஜப்பானிய வாக்கம் நிறுவனத்தின் நுட்பத்தால் இயங்கும் பேனாவும் கொண்ட அக்கருவி, அதன் காலத்திற்கு முற்பட்டது; விலையும் மிகுதி. நார்வேயின் ரிமார்க்கபிள் 2017-இலும், கோபோ எலிப்சா 2021-இலும், கிண்டில் ஸ்கிரைப் 2022-இலும் வந்தபின்னரே இவ்வழக்கம் பலருக்கும் எட்டியது. இதற்கிடையில் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி இலவசமாக வழங்கிவந்தமையாலும், 2016-ஆம் ஆண்டின் இறுதியில் கிண்டில் கடையிலே தமிழ் நூல்களும் இடம்பெற்றமையாலும், படிப்பதற்குத் தமிழும் எழுதுவதற்குப் பேனாவும் ஒரே ஏட்டில் வந்து கூடின.

இக்கருவி இயங்கும் முறையை அறிந்தவர்க்கு எழுத்தாணியோடு அதற்குள்ள உறவு வியப்பளிக்கும். மின்தாளினுள் மயிரிழையின் பருமனே உடைய எண்ணற்ற நுண்குமிழ்கள் உள்ளன; ஒவ்வொன்றினுள்ளும் வெண்துகளும் கருந்துகளும் எதிரெதிரான மின்னேற்றத்துடன் ஒரு திரவத்திலே மிதக்கின்றன. அடியிலிருந்து மின்னழுத்தம் செலுத்தும்போது கருந்துகள் மேலெழுந்தால் அவ்விடம் கருமையாகும். மின்சாரம் நின்ற பின்னும் அக்கருமை நிலைத்திருக்கும். பேனாக்கள் பலவற்றிலோ மின்கலமும் வேண்டியதில்லை. திரையின் அடியிலுள்ள கம்பிவலை பரப்பும் காந்தப்புலத்திலே அத்தகைய பேனாவிலுள்ள சுருள் ஒத்ததிர்ந்து, தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுந்துகிறது என்பதைத் தெரிவிக்கிறது. எழுத்தாணியினுள் மை இல்லை. கீறிய பின்னர் ஓலைக்குத்தான் மை பூசினர். இந்தப் பேனாவிலும் மை இல்லை. ஏட்டினுள்ளே முன்னமேயே உறங்கிக் கிடக்கும் கருமையை அது எழுப்புகிறது. இறகும் நாணலும் ஊற்றுப்பேனாவும் மையைச் சுமந்து வந்து தாளிலே வைத்த நூற்றாண்டுகளுக்குப் பிறகு, மையை ஏட்டிடமே விட்டுவிட்டு வெறும் கூர்முனையால் எழுதும் பழைய நெறிக்குக் கை திரும்பியிருக்கிறது. அழிக்க முடியாமை ஓலையின் இயல்பு. விரும்பியபோது அழித்தெழுதலாம் என்பது இதன் வசதி. முன்னது சிந்தித்து எழுதக் கற்பித்தது. பின்னது எழுதிச் சிந்திக்கத் துணைசெய்கிறது.

ஓரத்தைப் பற்றிய பழைய சிக்கல் மட்டும் இங்கே வேறு விதமாகத் தலைகாட்டிற்று. அச்சிட்ட பக்கம் அசையாதது. அதன் ஓரத்தில் எழுதிய குறிப்பு என்றும் அதே வரிக்கு நேராக நிற்கும். மின்னூலிலோ எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் வரிகள் உடைந்து, பக்கங்கள் பெருகி, முன்னே இருந்த சொல் எங்கோ போய்விடும். அதன் அருகிலே கையால் எழுதிய குறிப்பு யாரைப் பின்தொடர்வது? இவ்வினாவுக்கு விடை காணாமல், முதலில் வந்த கிண்டில் ஸ்கிரைப், அசையாத பக்கங்களையுடைய கோப்புகளில் மட்டுமே நேராக எழுத இடங்கொடுத்து, ஏனைய நூல்களில் ஒட்டுச்சீட்டுப் போன்ற ஒரு பெட்டியிலே குறிப்பை அடைத்துவைத்தது. 2024-இல் அறிவித்த மாற்றத்தின்படி, எழுதிய குறிப்புக்கு இடம்விட்டு நூலின் வரிகள் சுற்றிச் செல்கின்றன. அளவு மாறினாலும் குறிப்பு தான் பிறந்த சொல்லோடு கூடவே நகர்கிறது. ஏட்டில் உரையெழுதிய நம் முன்னோர் பாட்டின் தொடக்கச் சொல்லை எடுத்துக் காட்டிப் பொருள் எழுதியது இதே தேவையை உத்தேசித்துத்தான். பிரதிக்குப் பிரதி ஏட்டின் எண் மாறுமாதலால், உரையைப் பக்கத்தோடு பிணிக்காமல் சொல்லோடு பிணித்தனர்.

இத்துணைச் சிறப்பிருந்தும், கருவியைப் பாதுகாவல் என்று நம்பிவிடுவது பேதைமையாகும். நம் நாட்டு வெப்பத்திலும் செல்லுக்கும் பூச்சிக்கும் இடையிலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நிற்பதில்லை. சங்க நூல்கள் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்தது ஓலையின் வலிமையால் அன்று. பழுதான ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிலே பெயர்த்தெழுதும் சம்பிரதாயம் அறுபடாமல் இருந்தமையால்தான். அது அறுபட்ட இடத்தில் அழிவு நேர்ந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே பழைய ஏடுகளைத் தேடிச் சென்ற சாமிநாதையரிடம், அவற்றை ஓமத்தீயில் ஆகுதியாக இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அப்போது அவர் அடைந்த வேதனையை அவரே எழுதியிருக்கிறார். 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறு பிரதியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. மின்னேட்டின் குறுகிய சரித்திரத்திலேயும் இதன் சாயல் உண்டு. இலியாட்டை ஆக்கிய நிறுவனம் 2010-இல் திவாலாயிற்று. சோனி 2014-இல் அமெரிக்காவில் இருந்த தன் மின்னூல் கடையை மூடிற்று. கருவி பழுதாகலாம், கணக்கு முடங்கலாம், கோப்பின் வடிவத்தைப் படிக்கும் செயலி வழக்கொழியலாம். ஓலைக்கு வாய்த்த முந்நூறு ஆண்டு ஆயுளில் பத்திலொரு பங்கேனும் இக்கருவிகளுக்கு உண்டென்று எவரும் உறுதி கூறவில்லை.

ஆகவே மின்பேனாவைக் கையில் எடுப்பவர், அதனோடு பழைய ஏடெழுதுவோரின் கடமைகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் சுவடியை முடித்த இடத்தில் எழுதினவர் பெயரும், முடித்த ஆண்டும் மாதமும் நாளும், யாருக்காக எழுதியது என்பதும் குறித்து, எழுத்துப் பிழையைப் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்வர். அவ்வாறே நம் குறிப்புகளிலும் பெயரும் தேதியும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றைக் கருவியிலிருந்து வெளியே எடுத்து, வேறோர் இடத்திலே பிரதி செய்து, வேண்டியவற்றைக் காகிதத்திலும் பதித்து வைக்கட்டும். எல்லாக் கருவிகளும் தமிழ்க் கையெழுத்தை அறிந்து அச்செழுத்தாக மாற்றித் தருவதில்லையாதலால், பயனுள்ள குறிப்பை நாமே ஒருமுறை பெயர்த்தெழுதுவது நல்லது. பெயர்த்தெழுதும்போது கருத்துத் தெளிவடையும் என்பது ஏடு எழுதினோர் அனைவரும் கண்ட அனுபவம். சிம்பாங் அம்பாட்டுக்கு அருகிலே பத்து காவானின் பழைய தோட்டநிலத்தில் இன்று நினைவகச் சில்லுகள் செய்யும் ஆலைகள் நிற்கின்றன. எழுதியதைச் சேமிக்கும் பொருள் அங்கேயே உற்பத்தியாகிறது. எனினும், எதனைச் சேமிப்பது, யாருக்காகச் சேமிப்பது என்ற தீர்மானம் எந்த ஆலையிலும் உற்பத்தியாவதன்று. அது படிப்பவனுடைய பொறுப்பு. செக்ரோலிலே பெயராக மட்டும் இருந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தாம் படிக்கும் தமிழ் நூலின் ஓரத்திலே தம் சொந்தக் கையால் ஒரு கருத்தை எழுதி, அதைத் தமக்குப் பின் வருவோரும் படிக்குமாறு பிரதி செய்து வைப்பார்களானால், பெயர் தெரியாத அந்த அரும்பதவுரைகாரர் தொடங்கிய கைங்கரியம் செபராங் பிறையிலும் தொடர்ந்து நடைபெறும்.